அதெல்லாம் எப்படி அங்கிள் ரெஸ்யூம்ல போடறது?

போன வருஷம் ஒரு மாசம் பூரா ஒரே எரிச்சல். காரணம் வெயில் இல்ல. (அதுவும்தான்.)

ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸுக்கு ரெண்டு ஃப்ரெஷர் எடுக்கணும்னு ஒரு கட்டு ரெஸ்யூமை என் தலையில கட்டிட்டாங்க. பல்லாவரத்துல ரயில் ஏறி கிண்டியில இறங்கறதுக்குள்ள நாலஞ்சு படிச்சுடலாம்னு நெனச்சேன். திரிசூலம் தாண்டறதுக்குள்ளயே சந்தேகம் வந்துடுச்சு, ஒரே ரெஸ்யூமைத்தான் திருப்பித் திருப்பிப் படிக்கறேனோன்னு.

மொத்தம் பதினேழு பேர். அதுல பதினோரு பேர் ஆரம்பிக்கறதே "டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மென்ட்".

எல்லாரும் ஹார்ட் ஒர்க்கர்.
எல்லாரும் டீம் பிளேயர்.
எல்லாரும் க்விக் லேர்னர்.
எல்லாருக்கும் பாட்டு கேக்கறது பொழுதுபோக்கு.

பேரும் போன் நம்பரும் மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறுது. (அப்பா பேரும் மாறுது. அப்பா பேரு எதுக்குய்யா ரெஸ்யூம்ல? சரி, அந்த எரிச்சலுக்குத் தனிப் பதிவு போடணும்.)

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டல, மாடி வீட்டுப் பொண்ணு கையில ஒரு பேப்பரோட நிக்குது. பி.காம். ரெண்டாவது வருஷம். "அங்கிள், இன்டர்ன்ஷிப்புக்கு ரெஸ்யூம் கேக்கறாங்க. கொஞ்சம் பாத்துத் தரீங்களா?"

பதினெட்டாவது.

"டு ஒர்க் இன் எ சேலஞ்சிங்..."

சிரிச்சுட்டேன். அவளுக்கு முகம் தொங்கிப்போச்சு. அப்புறம் என் வீட்டம்மா என்னை ஒரு முறை முறைச்சு, அவளுக்கு ஒரு டம்ளர் மோர் குடுத்து, உக்கார வெச்சாங்க.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். இந்தப் பொண்ணோட அப்பாவுக்கு நம்ம வெள்ளிக்கிழமை சந்தையில கடை. (வெளியூர்க்காரங்களுக்கு: பல்லாவரத்துல பழைய டிரங்க் ரோட்டுல வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு சந்தை கூடும். ரோஜாச் செடி, கருவாடு, பழைய போன், கதவு, ஜன்னல், தாத்தா காலத்து ரேடியோ, ஒத்தைக் கால் செருப்பு, எல்லாம் கிடைக்கும். ஒத்தைக் கால் செருப்பு நான் கண்ணால பாத்தது. யார் வாங்குவாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.) அவர் பழைய மிக்ஸி, டேபிள் ஃபேன், கிரைண்டர் மோட்டார் எல்லாம் வாங்கி ரிப்பேர் பண்ணி விக்கறவர். அந்தப் பொண்ணுக்குக் காலை ஷிஃப்ட் காலேஜ். வெள்ளிக்கிழமை மத்தியானம் காலேஜ் விட்டதும் நேரா கடைக்குப் போயிடும். பிளஸ் ஒன் படிக்கும்போதுலேர்ந்து போகுது.

ரெஸ்யூமை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தேன். சந்தை பத்தி ஒரு வார்த்தை இல்ல.

"ஏம்மா, கடை விஷயம் எங்க?"

"அதெல்லாம் எப்படி அங்கிள் ரெஸ்யூம்ல போடறது?"

வெக்கம். சுத்தமான வெக்கம். காலேஜ் தோழிங்க யாருக்கும் தெரியாதாம். ஒரு தடவை கூடப் படிக்கிற பொண்ணு அம்மாவோட சந்தைக்குச் செடி வாங்க வந்தப்ப, இவ கிரைண்டருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாளாம்.

நான் இத்தனை நாளா, பசங்களுக்குத் தங்ககிட்ட என்ன இருக்குன்னு தெரியலன்னு நெனச்சுட்டு இருந்தேன். பாதி கேஸ் அப்படி இல்லீங்க. நல்லாத் தெரியும். அதை வெளிய சொல்லக் கூடாதுன்னு நாம சொல்லிக் குடுத்து வெச்சிருக்கோம்.

இந்த இடத்துல எங்க ஊர்ப் பெருமை ஒண்ணு. 1863, மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஒரு ஆள். இந்திய நிலவியல் துறையில வேலை. இதே பல்லாவரத்துல சரளைக் கல் வெட்டின குழியில ஒரு கல்லை எடுத்தாரு. பழைய கற்கால மனுஷன் செதுக்கின கைக்கோடரி! இந்தியாவுல வரலாற்றுக்கு முந்தைய கால ஆராய்ச்சிக்கே அதுதான் பெரிய ஆரம்பம்னு சொல்றாங்க. அந்தக் குழியில அவருக்கு முன்னாடி எத்தனை பேர் மம்முட்டி போட்டிருப்பாங்க? எல்லாருக்கும் அது கல்லு. இந்த மனுஷன் மட்டும் அதுல கை பட்ட எடத்தைப் பாத்தாரு.

அந்தக் கதையை எடுத்து விட்டேன். "சரி அங்கிள், அதுக்கும் ரெஸ்யூமுக்கும் என்ன?"ன்னு கேட்டா.

நியாயமான கேள்வி. நானும் ரொம்பத் தெளிவா பதில் வெச்சிருந்தேன்னு சொல்ல முடியாது.

இனிமே வர்றது என் தப்புகளோட பட்டியல்.

முதல் தப்பு, "குடு, நானே எழுதித் தரேன்"னு லேப்டாப்பைத் திறந்தது. அரை மணி நேரத்துல பிரமாதமா அடிச்சேன். "கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட்", "இன்வென்டரி கன்ட்ரோல்", "நெகோஷியேஷன்". படிச்சா டாட்டா குரூப்புல பத்து வருஷம் இருந்துட்டு வந்த ஆள் மாதிரி இருந்துச்சு. நானே வேலை குடுத்திருப்பேன்.

ஞாயித்துக்கிழமை என் ஃப்ரெண்டு ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு, ஒரு கம்பெனியில ஹெச்.ஆர். சும்மா அவளை ஒரு மாக் இன்டர்வியூ பண்ணுங்கன்னேன். அவரு பேப்பரைப் பாத்துட்டு ரொம்ப மரியாதையா, "கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட்டுக்கு என்ன சாஃப்ட்வேர் யூஸ் பண்ணீங்க?"ன்னு கேட்டாரு.

அவ என்னைப் பாத்தா. நான் ஃபேனைப் பாத்தேன்.

ரெண்டாவது தப்பு, செக்லிஸ்ட். இன்டர்நெட்லேர்ந்து ஒரு திறன் பட்டியல் எடுத்து பிரின்ட் போட்டுக் குடுத்தேன். தொடர்புத் திறன், குழுவாப் பணியாற்றுதல், நேர மேலாண்மை, தலைமைப் பண்பு... "உனக்கு எது இருக்கோ டிக் அடிம்மா." எல்லாத்துக்கும் டிக் அடிச்சுட்டா. தப்பு அவ மேல இல்ல. தலைமைப் பண்பு உண்டான்னு கேட்டா யாருங்க இல்லன்னு சொல்லுவாங்க? என் மேனேஜரே டிக் அடிப்பாரு.

மூணாவது தடவை வேற வழியில்லாம சும்மா கதை கேக்க ஆரம்பிச்சேன். "கடைசியா கடையில சண்டை எப்ப வந்துச்சு?"

அவ்வளவுதான். அணை உடைஞ்ச மாதிரி கொட்டுது!

அப்பா வித்த மிக்ஸி திரும்பி வரும். "ஓடல, காசைக் குடு"ம்பாங்க. எப்ப வாங்கினீங்கன்னா "போன வாரம்தான்"பாங்க. அது மூணு மாசம் ஆகியிருக்கும். சில சமயம் மிக்ஸியே இவங்க வித்ததா இருக்காது. அப்பா குரலை உசத்துவாரு. கூட்டம் கூடிடும். அன்னிக்கு வியாபாரம் காலி.

இவ பிளஸ் டூ லீவுல ஒரு நோட்டுப் போட்டிருக்கா. வித்த பொருளுக்கு அடியில பெயின்ட்ல ஒரு நம்பர். நோட்டுல அதே நம்பர், தேதி, வாங்கினவங்க போன் நம்பர், என்ன ரிப்பேர் பண்ணினது, என்ன விலை. ஒரு வாரம் டைம். அதுக்குள்ள மோட்டார் போச்சுன்னா மாத்தித் தருவாங்க. ஒரு வாரம் தாண்டினா ரிப்பேர் கூலி மட்டும்.

"சண்டை நின்னுச்சா?"

"நிக்கல அங்கிள். ஆனா சீக்கிரம் முடிஞ்சுடுது."

இன்னொண்ணு. அந்த நோட்டை வெச்சுப் பாத்து, ஒரு குறிப்பிட்ட மாடல் மிக்ஸிதான் அதிகம் திரும்பி வருதுன்னு கண்டுபிடிச்சு, "அப்பா, இதை இனிமே வாங்காதீங்க"ன்னு சொல்லியிருக்கா. அப்பா கேக்கல. விலை கம்மியா வருதேன்னு வாங்கிட்டே இருந்தாரு. இவ ஒரு மாசக் கணக்கைக் கூட்டி, அந்த மாடல்ல மட்டும் லாபமே இல்லன்னு காட்டினப்புறம்தான் விட்டாரு.

இதை முழு வாக்கியமா, அவ சொன்ன மாதிரியே, நாலு வரியில ரெஸ்யூம்ல எழுதச் சொன்னேன். பெரிய வார்த்தை ஒண்ணுகூட வேணாம். நம்பர், நோட்டு, மிக்ஸி, அப்பா. அதே ஹெச்.ஆர். ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன். "இந்தப் பொண்ணு யாரு?"ன்னு கேக்கறாரு! போன வாரம் பாத்த அதே பொண்ணுதான் சார்.

சந்தைக் கதை இப்படின்னா, அக்கா பையன் கதை வேற தினுசு. அவன் இன்ஜினியரிங். என்.எஸ்.எஸ்.ல இருக்கான். ரெஸ்யூம்ல "என்.எஸ்.எஸ். வாலன்டியர்"னு ஒரே ஒரு வரி. என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24 அன்னிக்கு ஆரம்பிச்சது. ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் வேலை பாக்கணும், நடுவுல ஏழு நாள் முகாம் ஒண்ணும் உண்டு. அம்பது வருஷத்துக்கு மேல நம்ம காலேஜ் பசங்க கிராமத்துல போயி கருவேலம் வெட்டிட்டு வர்றாங்க. திரும்பி வந்து ரெண்டே வார்த்தையில முடிச்சுடறாங்க.

"முகாம்ல என்னடா பண்ண?"

"சும்மா சாப்பாடு பாத்துக்கிட்டேன் மாமா."

சும்மாவாம்! அம்பது பேருக்கு ஏழு நாள் மூணு வேளை. மூணாவது நாள் காலையில கேஸ் தீந்துபோச்சு. ஊர்ல ரெண்டு வீட்டுல பேசி விறகடுப்பு வாங்கி, ஒன்பதரைக்கு உப்புமா போட்டிருக்கான். மெனுவை மாத்தினதுக்கு நாலு பேர் கோவிச்சுக்கிட்டாங்களாம். வீட்டுல ஒரு டம்ளர் கழுவ மாட்டான் இவன். (அக்கா இதைப் படிச்சா, ஆமா, உன் பையன்தான்.)

கூடவே ஒண்ணு சொல்லணும். இவனுக்கு "நான் முதல்வன்"ல ஒரு கோர்ஸ் வந்துச்சு. 2022 மார்ச் 1 அன்னிக்கு தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச திட்டம், திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துது. அதுல எனக்குப் பிடிச்சது, கோர்ஸைப் பாடத்திட்டத்துக்குள்ள கொண்டுவந்து கிரெடிட்டோட சேத்தது. கடைசி செமஸ்டர்ல மூணு நாள் கோட் போட்ட ஒருத்தர் வந்து கைகுலுக்கறது எப்படின்னு சொல்லிக்குடுக்கற கூத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். கலை அறிவியல் காலேஜுக்கும் மாநில உயர்கல்வி மன்றம் 2023-24லேர்ந்து குடுத்த மாதிரிப் பாடத்திட்டத்துல திறன் மேம்பாட்டுப் பாடம், இன்டர்ன்ஷிப் எல்லாம் சேத்தாங்க. மாடி வீட்டுப் பொண்ணு பேப்பரோட வந்து நின்னதே அந்தப் புண்ணியத்துலதான்.

ஆனா எங்க வீட்டுப் பிள்ளை என்ன பண்ணுது? வீடியோவை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டுட்டு பிரியாணி சாப்பிடுது. சர்டிஃபிகேட் வந்ததும் ஸ்டேட்டஸ் வைக்குது. என்னடா கத்துக்கிட்டன்னா, "பி.டி.எஃப். இருக்கு மாமா, அனுப்பவா?"

எனக்கு உப்புமா போதும்டா.

நடுவுல ஒரு புள்ளிவிவரம் சொல்லிடறேன், இல்லன்னா பின்னூட்டத்துல நீங்க சொல்லுவீங்க. மத்திய அரசோட 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையில, நம்ம இளைஞர்கள்ல 51.25 சதவீதம் பேர்தான் வேலைக்குத் தகுதியானவங்கன்னு இருந்துச்சு. ரெண்டுல ஒருத்தர் தேற மாட்டாங்கன்னு டி.வி.யில நாலு நாள் ஓட்டினாங்க. எனக்கு என்னன்னா, மிக்ஸி நோட்டு எந்தத் தராசுல நிக்கும்? உப்புமா எந்தப் பரீட்சையில வரும்? சரி, கம்பெனிக்காரன் நான் என்ன யோக்கியம்? பத்து நிமிஷம் இன்டர்வியூ. "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்". அந்தப் பையன் மனப்பாடம் பண்ணினதை ஒப்பிப்பான், நான் வாட்ச்சைப் பாப்பேன். ஃப்ரெஷர் வேணும்னு விளம்பரம் போட்டுட்டு எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேக்கற கூட்டம்தானே நாங்க.

இன்டர்வியூன்னதும் பக்கத்து ஸ்டேஷன் கதை ஒண்ணு ஞாபகம் வருது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. அப்துல் கலாம் அங்க படிக்கும்போது, நாலு பேரோட சேந்து தாழ்வாப் பறந்து தாக்கற விமானம் ஒண்ணு டிசைன் பண்ணணும். பேராசிரியர் சீனிவாசன் வரைபடத்தைப் பாத்துட்டு, சரியில்ல, திங்கக்கிழமை காலையில முடிச்சுக் காட்டலன்னா ஸ்காலர்ஷிப் நிறுத்திடுவேன்னுட்டாரு. சொன்னது வெள்ளிக்கிழமை. கலாம் ராத்திரி பகலா உக்காந்து முடிச்சாரு. இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், மேடையில கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிருக்கும்.

அதுக்கப்புறம் நடந்ததை அவ்வளவா யாரும் மேடையில சொல்றதில்ல. படிப்பு முடிச்சு டேராடூனுக்கு விமானப்படைத் தேர்வுக்குப் போறாரு. 25 பேர். எடுத்தது 8 பேர். இவரு ஒன்பதாவது. அங்க அறிவைவிட ஆளோட தோரணைக்குத்தான் அழுத்தம் இருந்துச்சுன்னு "அக்னிச் சிறகுகள்"ல அவரே எழுதியிருக்காரு. அந்த வெள்ளி, சனி, ஞாயிறு ராத்திரிங்களைப் பத்தி அங்க யாராவது கேட்டிருப்பாங்களா? கேக்கற எடத்துல கேக்கலன்னா ராக்கெட் விடற ஆளும் ஒன்பதாவதுதான்.

சரி, மாடி வீட்டுக்கு வருவோம். அவளைத் தூக்கி வெச்சே எழுதிட்டு இருக்கேன், அவளுக்கே பிடிக்காது.

ரெஸ்யூம்ல "டீம் ஒர்க்"னு போட்டிருந்தா. உதாரணம் கேட்டேன். காலேஜ்ல நாலு பேர் சேந்து ஒரு சர்வே ப்ராஜெக்ட், ராதா நகர் பக்கம் கடைங்கள்ல யு.பி.ஐ. பத்தி. "நாலு பேருமா போனீங்களா?" ஒருத்தி உடம்பு சரியில்ல, ஒருத்தி ஊருக்குப் போயிட்டா, ஒருத்தி வரவே இல்ல. "அப்புறம்?" "நானே எல்லாத்தையும் எழுதி நாலு பேர் பேரையும் போட்டுட்டேன் அங்கிள்."

அதுக்குப் பேரு டீம் ஒர்க் இல்லம்மா. அது தியாகம்.

கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் அவளே சொன்னா: "கடையிலயும் அப்படித்தான் அங்கிள். நோட்டை நான் மட்டும்தான் எழுதுவேன். தம்பிக்குக் குடுக்க மாட்டேன். தப்பா எழுதிடுவான்."

அட! இது எனக்குத் தோணல. அவளாக் கண்டுபிடிச்சது. என்ன இருக்குன்னு தேடப்போன எடத்துல என்ன இல்லன்னும் தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது வருஷத்துல தெரிஞ்சா நல்லது, கையில இன்னும் ஒரு வருஷம் இருக்கு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ராத்திரி தெரிஞ்சா என்ன பண்றது?

அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்ட்ல வேலையைப் பிரிச்சுக் குடுத்தா. ஒருத்தி சொன்ன தேதிக்குத் தரல. பழைய பழக்கத்துல தானே எழுத உக்காந்துட்டு, எழுந்து போயி அவளுக்குப் போன் பண்ணியிருக்கா. மூணு தடவை. சண்டை வேற. ப்ராஜெக்ட் முன்னதைவிட மோசமா வந்துச்சு, மார்க்கும் ரெண்டு கம்மி. "இதுவும் ரெஸ்யூம்ல போடணுமா அங்கிள்?"னு கேட்டா. போடும்மா. மார்க்கை வேணா விட்டுடு.

தாம்பரம் பக்கம் ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லித்தர்ற தோழி ஒருத்தங்க இதை வேற மாதிரி பண்றாங்க. லேப் ரெக்கார்டு கடைசிப் பக்கத்துல மூணு வரி எழுதச் சொல்லுவாங்க. இந்த செமஸ்டர்ல எங்க சொதப்பின, என்ன பண்ண, அடுத்த தடவை என்ன மாத்துவ. மார்க் கிடையாது. மொத வருஷம் எல்லாரும் "ஒண்ணும் சொதப்பல மேம்"னு எழுதினாங்களாம். டைட்ரேஷன்ல ரீடிங் ஒத்துவராம நாலு தடவை திரும்பச் செஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்கா. பக்கத்து டேபிள்ல எட்டிப் பாத்து ரீடிங் எழுதின பையன் ஒருத்தன் இருக்கான். ரெக்கார்டுல ரெண்டு பேருக்கும் ஒரே மார்க். கடைசிப் பக்கத்துலதான் ஆள் தெரியறாங்கன்னு சொன்னாங்க. அந்தப் பையனும் ஒரு செமஸ்டர்ல உண்மையை எழுதிட்டானாம். (நான் படிச்ச காலத்துல இப்படி ஒரு பக்கம் இருந்திருந்தா எனக்குத் தனி நோட்டு வாங்கியிருக்கணும்.)

இதுக்காக எல்லாத்தையும் திறமைன்னு பேர் வெச்சு விக்கணும்னு நான் சொல்லல. தங்கச்சிக்குத் தலை பின்னிவிட்டதை "மென்டரிங்"னு எழுதின ரெஸ்யூமும் அந்தப் பதினேழுல ஒண்ணு இருந்துச்சு. கடற்கரைக்குப் போனா காத்து வாங்கலாம், நெட்ஒர்க்கிங் பண்ண வேணாம். மாடி வீட்டுப் பொண்ணு "ஹாபி: பாட்டு கேக்கறது"ங்கற வரியை மட்டும் எடுக்கவே மாட்டேன்னுட்டா. "நெஜமாவே கேப்பேன் அங்கிள்." சரின்னுட்டேன்.

இன்டர்ன்ஷிப் கிடைச்சுது. குரோம்பேட்டையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ். மொத வாரம் பூரா பில்லை அடுக்கி வைக்கச் சொன்னாங்களாம். எக்செல்ல கூட்டல் தவிர ஒண்ணும் தெரியாம முழிச்சது, இங்கிலீஷ்ல ஒரு மெயில் அனுப்ப முக்கால் மணி நேரம் ஆனது, எல்லாத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கா. மிக்ஸி நோட்டு இப்ப தம்பிகிட்ட. தப்பாத்தான் எழுதறானாம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு தடவை பாத்துத் திருத்தறா.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எங்க வீட்டு மிக்ஸி உயிரை விட்டுது. புதுசு எதுக்கு, மாடி வீட்டுக்காரர் கடையிலயே வாங்கலாம்னு நான்தான் பெரிய மனசா சொன்னேன். வெள்ளிக்கிழமை போனோம். ஓட்டிக் காட்டினாங்க. அவ பெயின்ட்ல நம்பர் போட்டா, தம்பி தேதி எழுதினான், என் போன் நம்பரையும் கேட்டு எழுதினான். (மூணு வருஷமா எங்க மாடியில இருக்காங்க. இருந்தும் கேட்டான்.)

அடுத்த வெள்ளி வரைக்கும் அருமையா ஓடுச்சு. சனிக்கிழமை காலையில சட்னி அரைக்கும்போது ஒரு கரகர சத்தம், அப்புறம் புகை. மிக்ஸியைத் தூக்கிக்கிட்டு மாடியேறினேன்.

நோட்டை எடுத்துட்டு வந்தா. பக்கத்தைத் திருப்பினா. விரலை வெச்சுக் காட்டினா.

"எட்டு நாள் ஆச்சு அங்கிள். ரிப்பேர் கூலி மட்டும் குடுத்துடுங்க."

கீழேர்ந்து என் வீட்டம்மா சிரிக்கற சத்தம் மாடி வரைக்கும் கேட்டுது.

முந்நூத்தி அம்பது ரூபா.

பேரம் பேசிப் பாத்தேன். முந்நூறுக்கு வந்தா. அதுக்கு மேல இறங்கல.